ஓமமும் பன்றிக்குட்டி வயிறும்

பன்றின்னு சொன்னதும் மூக்கைச் சுளிக்கிற பட்டணத்துச் சொந்தங்களே, இன்னிக்கு அதோட வயித்தைப் பத்தித்தான் எழுதப் போறேன். முகம் திருப்பாம படிங்க. உங்க சமையல்கட்டு ஓம டப்பாவில தொடங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் போற கதை இது.

குடல் சும்மா கிடக்குற குழாய் இல்ல. சுருங்கி விரிஞ்சு, தின்னதைக் கீழே தள்ளிக்கிட்டே இருக்கும். ஓட்டம் மிஞ்சினா கழிச்சல், நின்னா உப்புசம். மனுசனுக்கும் பன்றிக்கும் இதுல வித்தியாசம் இல்ல. நாட்டு வைத்தியத்துல ரெண்டுக்கும் தனித்தனிச் சரக்கு உண்டு. வயிறு பிடிச்சு இழுத்தா ஓமம், கட்டிக்கிட்டா விளக்கெண்ணெய்.

ஓமத்துக்கு அந்தக் காரமான வாசத்தைத் தர்றது தைமால். 1719-ல காஸ்பர் நியூமன்ங்கிற ஜெர்மன்காரர் தைம் செடியோட எண்ணெயில இருந்து இதைப் பிரிச்செடுத்தார். ஆனா நம்ம ஓமத்துல இது தாராளமா இருக்கு. அதனால முதல் உலகப் போருக்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல இருந்து ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போச்சு. அங்க தைமாலாக்கி உலகத்துக்கே வித்தாங்க. 1914-ல போர் வந்ததும் அந்த வழி அடைபட்டுப் போச்சு.

அவ்வளவு தைமால் எதுக்குன்னா, கொக்கிப்புழுவுக்கு அன்னிக்கு முக்கியமான மருந்து அதுதான். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம்ம சனத்தை உருக்குலைச்ச புழு அது. தைமால் கொடுத்த பிறகு பேதி உப்பு கொடுப்பாங்க. விளக்கெண்ணெய் மட்டும் கூடாது. எண்ணெயில தைமால் கரைஞ்சு உடம்புல ஏறிட்டா உயிருக்கே ஆபத்து.

அதே காலத்துல அமெரிக்காவுல பன்றி உருண்டைப்புழுவுக்கு கீனோபோடியம்ங்கிற செடியோட எண்ணெயைக் கொடுத்தாங்க. அது குடலோட ஓட்டத்தையே மந்தமாக்கிடும். அதனால கூடவே விளக்கெண்ணெய் ஊத்தித் தள்ளணும். ஒரு இடத்துல விசமாக்குறது இன்னொரு இடத்துல துணை மருந்து. மூலிகைதானே, என்ன செஞ்சுரும்னு கேக்குறவங்க இதை மனசுல வச்சுக்கணும்.

1950 வாக்குல கதை திசை மாறிச்சு. ஆரியோமைசின் மருந்தைத் தீவனத்துல துளி கலந்தா கோழியும் பன்றியும் வேகமா எடை ஏறுதுன்னு அமெரிக்காவுல ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட்னு ரெண்டு பேர் கண்டு சொன்னாங்க. அதுக்கப்புறம் மூலிகையை யார் சீந்துவா?

இதுல குட்டியோட கஷ்டமும் இருக்கு. காட்டுல பன்றிக்குட்டி மூணு நாலு மாசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பால் மறக்கும். பெரிய பண்ணையில 21, 28 நாள்லயே தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுறாங்க. மிரண்டுபோன குட்டி ஒரு நாள், ரெண்டு நாள் சரியா திங்காது. வயித்து ஓட்டம் கெட்டு, கெட்ட கிருமி பெருகி, கழிச்சல் புடிச்சுக்கும். அதைத் தீவன மருந்து மூடி மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. சுவீடன் 1986-ல அப்படிக் கலக்கிறதைத் தடை பண்ணினதும் மூடி திறந்துச்சு. பிரிச்ச குட்டிகளுக்குக் கழிச்சல் கூடிப்போச்சு. அப்புறம் தாய்கிட்ட கூடுதல் நாள் விட்டு, கொட்டகையைச் சுத்தமாக்கித்தான் சமாளிச்சாங்க.

ஐரோப்பா முழுக்க அந்தத் தடை 2006 ஜனவரி 1-ல வந்துச்சு. உடனே பழைய தைமாலைத் தேடிப் போனாங்க. கூடவே ஓரிகானோவிலயும் நம்ம கற்பூரவல்லியிலயும் இருக்குற கார்வக்ரால். குடல் துண்டை வெதுவெதுப்பான உப்புநீர்ல தொங்கவிட்டு, சுருங்கி விரியறதை அளக்குற முறையை ருடால்ஃப் மேக்னஸ் 1904-லயே கொண்டுவந்துட்டார். இப்படிச் சோதிச்சதுல, தைமால் தசைக்குள்ள கால்சியம் போறதைத் தடுத்து இழுப்பைத் தளர்த்துதுன்னு தெரிஞ்சுது. ஓமத்தண்ணி குடிச்சா வயித்துவலி இறங்குதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஆனா குட்டி வயித்துல போனா தைமால் இரைப்பையிலயும் முன்குடலுலயும்தான் பெரும்பாலும் உறிஞ்சப்படுது. கழிச்சல் நடக்குற கீழ்க்குடலுக்குச் சேர்றது கொஞ்சம்தான். அதனால கொழுப்புல பொதிஞ்சு கொடுத்துப் பாக்குறாங்க. சில சோதனையில பலன், சிலதுல ஒண்ணுமில்ல.

எங்கிட்டயும் ரெண்டு தாய்ப்பன்றி இருக்கு. ஓமம் எங்க வீட்டுலயும் இருக்கு. ஆனா 21 நாள்ல பிரிச்ச தவறை எந்த ஓமமும் ஈடு கட்டாது. மூலிகை துணைதான். முதல் மருந்து தாய்ப்பாலும் காய்ஞ்ச தரையும்.

பன்றி திங்காத உங்களுக்கு இதுல என்னன்னு கேக்கலாம். மத்த மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிக்கு டாக்டருங்க கடைசியா எடுக்குற மருந்து கொலிஸ்டின். அதையே பன்றிக்கும் கோழிக்கும் கொட்டினாங்க. அதை எதிர்க்குற மரபணு கிருமிக்குக் கிருமி தாவுதுன்னு 2015-ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க. பன்றியிலயும் இருந்துச்சு, ஆஸ்பத்திரி நோயாளிகிட்டயும் இருந்துச்சு. 2019 ஜூலையில இந்தியாவும் கால்நடைத் தீவனத்துல அதைத் தடை பண்ணிடுச்சு.

தடை சட்டத்துல இருக்கு. குட்டியைக் கூட பத்து நாள் தாய்கிட்ட விடுறதுக்கு ஆகுற செலவு விவசாயி தலையில இருக்கு. அடுத்த தடவை எந்தக் கறி வாங்கினாலும் விலையை மட்டும் கேக்காதீங்க. எப்படி வளர்த்தீங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.