தீப்பெட்டி ஊரில் ஒரு மருந்துக் குப்பி

அம்பர்நாத்துக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஊர்ப்பக்கம் போனால் "எங்க இருக்கீங்க?" என்று கேட்பவர்களிடம் பம்பாய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அம்பர்நாத் என்று சொன்னால் பனிலிங்கம் பார்த்தாச்சா என்பார்கள். (அது அமர்நாத், சாமி! இங்கேயும் சிவன் கோயில் உண்டு. 1060ல் சிலாஹார அரசர் காலத்துக் கல்வெட்டோடு வால்துனி ஆற்றங்கரையில் நிற்கிறது. பனி மட்டும் கிடையாது.)

நான் கோவில்பட்டிக்காரன். பெயிண்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் தரம் பார்க்கிற வேலை. தீப்பெட்டி ஊரில் பிறந்து இன்னொரு தீப்பெட்டி ஊருக்குப் பிழைக்க வந்தவன். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அதே 1920களில்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி அம்பர்நாத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை போட்டது. சென்னை வாசகர்களுக்குத் திருவொற்றியூர் விம்கோ நகர் தெரிந்திருக்கும். அதே விம்கோதான்.

அந்தத் தீப்பெட்டிக்குப் பின்னால் ஒரு கோரமான கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் ஆவியை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். பல்வலியில் ஆரம்பித்து, சீழ் பிடித்து, கடைசியில் தாடையையே எடுக்க வேண்டிவரும். 1888ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் பிரசித்தம். 1906ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது.

மாற்றாக வந்தது சிவப்புப் பாஸ்பரஸ். தனிமம் அதேதான், வேறு பொருள் எதுவும் சேரவில்லை. வெள்ளையில் நாலு அணுக்கள் சேர்ந்த குட்டி மூலக்கூறு, ஆவியாகி மூக்கில் ஏறும். சிவப்பில் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அடங்கி உட்கார்ந்திருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசுகிற பட்டையில் இருப்பது அதுதான். அணு ஒன்று, அடுக்கு வேறு, விஷமும் வேறு. கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். புரிந்தது 2021ல்தான்.

அந்த மே மாதம் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கொரோனா வந்து போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. பழைய சர்க்கரைக்காரர், ஸ்டீராய்டு வேறு கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியது. தங்கச்சி டார்ச் அடித்துப் பார்த்தபோது மேலண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு. கருப்புப் பூஞ்சை. லோக்கல் ரயிலில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் பைக்கிலேயே போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றியது பழைய வகை ஆம்போடெரிசின். கிடைத்தது அதுதான். ட்ரிப் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் கட்டில் ஆடுகிற மாதிரிக் குளிர் நடுக்கம். "ஏல, எலும்புக்குள்ள ஐஸ் ஏறுதுல" என்றார். ஆறாம் நாள் கிரியாட்டினின் 1.1லிருந்து 2.6க்கு ஏறியிருந்தது. பூஞ்சையைக் கொல்கிற மருந்து சிறுநீரகத்தையும் தின்ன ஆரம்பித்துவிட்டது. "லிப்பிட் வகை கிடைத்தால் கொண்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மருந்தின் பூர்வீகம் வெனிசுவேலா. ஒரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்குயிப் கம்பெனி பிரித்தெடுத்தது. பூஞ்சையின் செல் உறையில் எர்கோஸ்டெரால் என்று ஒன்று இருக்கிறது. ஆம்போடெரிசின் அதைப் பிடித்து உறையை ஓட்டை போடும். நம் செல் உறையில் இருக்கும் கொலஸ்டிரால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, ஜாடை ஒத்துப்போகும். மருந்து ஆள் மாறி நம்மையும் அடிக்கிறது. அமெரிக்க டாக்டர்கள் இதன் பெயரிலேயே 'டெரிபிள்' என்று சேர்த்துக் கேலி பேசியது சும்மா இல்லை.

இதற்கு வழி காட்டியது மருந்தே அல்லாத ஒரு சங்கதி. 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்கம் என்பவர் கொழுப்புப் பொருளைத் தண்ணீரில் கலக்கும்போது அது தானாகவே குட்டிக் குமிழிகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். அதுதான் லிபோசோம். 1980களில் ஹூஸ்டனில் லோபஸ் பெரஸ்டீன் குழுவினர் ஆம்போடெரிசினை அந்தக் கொழுப்புச் சுவருக்குள்ளேயே செருகி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது விற்பனையில் இருக்கும் குமிழி 100 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் குறுக்கே ஆயிரம் குமிழியையாவது வரிசையாக வைக்கலாம். மருந்து குமிழியிலேயே ஒட்டிக்கொண்டு பூஞ்சை இருக்கும் இடம்வரை போகிறது, சிறுநீரகத்துக்குக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 1997ல் அனுமதி கிடைத்தது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. வேலூர் சிஎம்சியில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்த பி.கே. பச்சாவத், பிற்பாடு டெல்லியில் இருந்தபோது, மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியின் நீலிமா க்ஷீர்சாகருடன் சேர்ந்து உள்நாட்டு லிபோசோம் ஆம்போடெரிசினை உருவாக்கினார். கேஇஎம் இருக்கும் பரேல் தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். பிகாரின் காலா அசார் காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரே ஒரு தடவை லிபோசோம் மருந்து ஏற்றினால் போதும் என்று ஷியாம் சுந்தர் குழுவினர் 2010ல் காட்டினார்கள். ஒற்றை வேளையில் 95.7 சதவீதம் குணம். 2014ல் அரசுத் திட்டத்திலேயே சேர்ந்துவிட்டது.

சீட்டோடு நான் அலைந்த கதைக்கு வருகிறேன். 60 கிலோ ஆளுக்கு லிபோசோம் வகை என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம், மொத்தம் 300. குப்பிக்கு 50. ஆக ஒரு நாளைக்கு ஆறு குப்பி, ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். இப்படி வாரக்கணக்கில். அந்த மே மாதம் நாடு முழுக்க உற்பத்தி 1.63 லட்சம் குப்பிதான் என்று அரசே சொன்னது. ஜூன் கடைசிக்குள் நோயாளிகள் 40,000ஐத் தாண்டினார்கள். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இருந்த ஐந்து கம்பெனிகளோடு அவசரமாக இன்னும் ஐந்துக்கு உரிமம் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் நாலு குப்பி கிடைத்தது. உள்ளே மஞ்சள் கட்டி. லேபிளைத் திருப்பினால், தயாரித்த இடம்: அம்பர்நாத். பாரத் சீரம்ஸ் அண்ட் வாக்சின்ஸ் ஆலை எங்கள் கூடுதல் எம்ஐடிசியில்தான் இருக்கிறது. எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள் என்று மட்டும் தெரியும். உலகத்தைச் சுற்றித் தேடிய சாமான் வீட்டுக் கொல்லையில் முளைத்த மாதிரி இருந்தது.

தொழில்புத்தி போகாதே, ஒரு குடைச்சல். நாங்கள் பெயிண்டில் பார்க்கிற விஷயம்தான். ஒரே செய்முறைச் சீட்டு, ஒரே சரக்கு, ஆனால் அரைக்கிற நேரமும் சூடும் மாறினால் வேறு பெயிண்ட். லிபோசோமிலும் அப்படியே. ஒரே மூலப்பொருள்களைக் கொண்ட இரண்டு கம்பெனிச் சரக்கை எலிகளில் ஒப்பிட்டு 2008ல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்று மற்றதைவிட அதிக விஷத்தன்மை காட்டியது. சாதாரண மாத்திரையில் மூலக்கூறு ஒன்றென்றால் பாதிப் பரீட்சை முடிந்தது. இங்கே குமிழியின் அளவு, சுவரின் இறுக்கம், மருந்து எவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்கிறது என்று எல்லாமே பரீட்சைதான். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடத் தனி வழிகாட்டி நெறிகள் 2019 அக்டோபரில்தான் வெளியாயின.

இதே கேள்வி தண்ணீரிலும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகளால் பூச்சிக்கொல்லி நஞ்சை முறிக்கலாம் என்று கண்டுபிடித்து, அது 2007ல் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. அதில் வெள்ளி வேலை செய்வது பாதி விஷயம். தாங்கியைவிட்டுக் கழன்று குடிநீரோடு வராமல் ஒட்டியிருப்பது மறுபாதி. எங்கள் வால்துனியில் என்னென்ன எந்த வடிவத்தில் ஓடுகிறது என்று யார் லேபிள் ஒட்டுவது? 2014 நவம்பர் கடைசியில் உல்லாஸ்நகர் பக்கம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் கிளம்பிய வாயுவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது நானோ இல்லை, பழைய பாணி அக்கிரமம்.

சித்தப்பாவுக்கு மேல்தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் எடுத்த மாதிரியே. இப்போது அண்ணத்துக்கு ஒரு தட்டு மாட்டிக்கொள்கிறார். தட்டைக் கழற்றினால் பேச்சு மூக்கால் வரும், பேரப்பிள்ளைகளைச் சிரிக்க வைக்கக் கழற்றுவார்.

என் ஆதங்கம் வேறு. டிஸ்சார்ஜ் காகிதத்தில் முப்பத்து மூன்று நாளுக்கும் ஒரே வரி: ஆம்போ-பி. எந்த வகை, எந்தக் கம்பெனி, எதுவும் இல்லை. பழைய வகை கிலோவுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மில்லிகிராம். லிபோசோம் அளவான ஐந்தைப் பழைய வகையில் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். பெயர் ஒன்று என்று ஒரே வரியில் எழுதிவிடுவதா? அன்று அவர்கள் இருந்த அவசரம் எனக்கும் தெரியும். இருந்தாலும்.

தங்கச்சி பத்தாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் தினமும் காலிக் குப்பிகளைக் கேட்டு வாங்கி, லேபிளை நனைத்து உரித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு ஒட்டியிருக்கிறாள். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தார்களா என்றுகூட எழுதியிருக்கிறாள். உப்புத் தண்ணீரில் கலந்தால் மருந்து திரிந்துபோகும் என்று ஒரு சிஸ்டர் சொன்னாராம். 2023ல் சிறுநீரக டாக்டர், "அப்போது எந்த ஆம்போ கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நான் டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.