நடுநிலைக் கொழுப்புச் சேமிப்பு நோய்

உயிரணுக்கள் தமக்குள் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துச் செலவழிக்க முடியாமல் போகும் அரிய மரபணுக் கோளாறு இது. உடல் பருமனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோயாளி ஒல்லியாக இருக்கலாம். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு இயல்பான அளவிலேயே இருக்கலாம். லிப்பிட் பரிசோதனை முடிவை மட்டும் நம்பினால் நோய் பிடிபடாது.

உயிரணுவுக்குள் டிரைகிளிசரைடு சிறுசிறு துளிகளாகத் தங்கியிருக்கும். தேவைப்படும்போது அதிலிருந்து முதல் கொழுப்பு அமிலத்தை வெட்டியெடுப்பது ஏ.டி.ஜி.எல். என்னும் நொதி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ரூடால்ஃப் செக்னர் குழுவினர் 2004-இல் இதை விவரித்தார்கள். இந்த நொதிக்கான பி.என்.பி.எல்.ஏ.2 மரபணு பழுதானால் இந்நோயின் தசை நலிவு வகை உண்டாகிறது. நொதியைத் தூண்டும் துணைப் புரதம் பழுதானால் வருவது இன்னொரு வகையான சானரின்–டோர்ஃப்மன் நோய். இதில் பிறவியிலேயே தோல் செதில்செதிலாக இருக்கும், கல்லீரலும் வீங்கும்.

தசை நார்களுக்குள் கொழுப்பு அடைத்துக்கொள்வது சேதத்தின் ஒரு பாதிதான். கொழுப்பு அமிலம் வெளிவராததால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எரிபொருள் கிடைப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவை ஊக்குவிக்கும் மரபணுச் சமிக்ஞையும் மங்குகிறது. இருப்பு நிறைய இருந்தும் பட்டினி! ஓய்வின்றித் துடிக்கும் இதயத்துக்கு இது பேரிடி. ஏ.டி.ஜி.எல். நீக்கப்பட்ட எலிகள் இதயம் செயலிழந்தே இறந்தன. மனிதர்களில் பெரும்பாலும் இளம்வயதிலோ நடுவயதிலோ கையைத் தோளுக்கு மேல் தூக்குவது சிரமமாகும். பிறகு படியேறுவதும் கடினமாகும். சிலருக்கு இதயமாற்று வரை போகிறது. ஜப்பானில் அப்படி இதயமாற்றுக்குக் காத்திருந்த ஒருவரிடம், இதயத் தமனிகளின் சுவரிலும் டிரைகிளிசரைடு படிந்திருந்தது 2008-இல் பதிவானது.

இத்தனைக்கும், துப்பு ஒரு சொட்டு இரத்தத்திலேயே கிடைத்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிய வெள்ளையணுக்களில் வட்டவட்டமாக வெற்றுக் குழிகள் தெரியும். அவை கொழுப்பு இருந்த இடங்கள். ஆயில் ரெட் ஓ சாயமிட்டால் அந்தத் துளிகளே சிவப்பாகத் தெரியும். 1953-இல் ஜோர்டான்ஸ் என்னும் மருத்துவர் இந்தக் குழிகளை முதலில் குறித்ததால் இதை ஜோர்டான்ஸ் அடையாளம் என்கிறார்கள். மரபணுப் பரிசோதனை நோயை உறுதிசெய்யும்.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீள்சங்கிலிக் கொழுப்பைக் குறைத்த உணவு சிலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்தால் மட்டுமே நோய் உண்டாகும். ஆகவே உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். ஒருவருக்கு உறுதியானால், தொந்தரவு ஏதும் இல்லாத உடன்பிறந்தவர்களும் இரத்தத் தகட்டுப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.