தெரியாதவரிடம் கேட்ட கேள்வி

மேக்ரோ எச்சரிக்கையின் வரலாற்றைக் கவனக்குறைவான பயனர்களின் கதையாகச் சொல்வதே வழக்கம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1993-ல் வந்த எக்செல் 5, விஷுவல் பேசிக் நிரல்மொழியை ஷீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. கோப்பைத் திறந்ததும் தானாக ஓடும் மேக்ரோவையும், அதாவது கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரலையும், அதில் எழுத முடிந்தது. கணக்குப் பிரிவுகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 1995-ல் வேர்டில் பரவிய ‘கான்செப்ட்’ மேக்ரோ வைரஸ், மைக்ரோசாப்ட்டே அனுப்பிய குறுந்தகடு ஒன்றிலும் இருந்தது. மறு ஆண்டே ‘லரூ’ வைரஸ் எக்செலைத் தொற்றியது. ஆபீஸ் 97 இதற்குக் கண்ட மருந்து ஒரு சிறு பெட்டி: இதில் மேக்ரோக்கள் உள்ளன, வைரஸ் இருக்கலாம், இயக்கவா, வேண்டாமா? அந்த மேக்ரோ என்ன செய்யும் என்பது எழுதியவருக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டியவரோ கோப்பைப் பெற்றவர். சம்பளப் பட்டியலுக்கும் வைரஸுக்கும் ஒரே வாசகம். வேண்டாம் என்றால் பட்டியல் வேலை செய்யாது. ‘இயக்கு’ கைப்பழக்கமானதில் வியப்பென்ன?

தெரிந்தவர் அனுப்பியதை மட்டும் திறக்கலாமே என்பார்கள். 1999 மார்ச்சில் ‘மெலிஸா’ மேக்ரோ வைரஸ் அந்த அறிவுரையையே தூண்டிலாக்கியது: முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்கு, தெரிந்தவர் பெயரிலேயே போனது. ஆபீஸ் 2000 டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டுவந்ததே என்றும் கேட்கலாம். ஆனால் ஓய்வு நேரத்தில் மேக்ரோ எழுதும் குமாஸ்தா சான்றிதழைக் காசு கொடுத்தா வாங்குவார்? பயிற்சி போதும் என்போருக்கு உக்ரைன் பதில். 2015 டிசம்பர் 23 அன்று அங்கே சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. ஊடுருவல் தொடங்கியதோ மாதங்களுக்கு முன், மின் விநியோக நிறுவன ஊழியர்கள் மின்னஞ்சலில் வந்த ஆபீஸ் கோப்பின் மேக்ரோவை அனுமதித்தபோது.

2022 பிப்ரவரியில்தான் மைக்ரோசாப்ட் கேள்வியையே கைவிடுவதாக அறிவித்தது: இணையத்திலிருந்து வந்த கோப்பில் இனி ‘இயக்கு’ பொத்தானே கிடையாது. ஜூலையில் பின்வாங்கி, அதே மாதம் மீண்டும் அமல்படுத்தியது. தடைக்குப் பின் தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ கோப்புகளுக்கும் ஷார்ட்கட்களுக்கும் தாவியது உண்மைதான். பழைய வாசல் பயன்படாமல் போனதால்தானே தாவினார்கள்! இருந்தும் தாமதம் 25 ஆண்டு. அதற்குச் சமாதானம் இல்லை. ஷீட்டைப் பகிர்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மேக்ரோ தேவையில்லை என்றால் 2007 முதல் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்து அனுப்புங்கள். அதில் மேக்ரோ தங்காது.