வடத்தில் இறங்கிய தேயிலை: குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1902–1924

தண்டவாளம் போக முடியாத இடத்தில் சரக்கை எப்படிக் கடத்துவது? ரயில் பொறியாளர்களை நெடுங்காலம் வாட்டிய கேள்வி இது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் தாமஸ் பௌச் 1850இல் ஒரு விடை கண்டார். 'லெவியதன்' என்ற நீராவிக் கப்பலின் தளத்தில் தண்டவாளம் பதித்து, ஓதத்துக்கு ஏற்ப நகரும் சாய்தளம் வழியே சரக்குப் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் உருட்டினார். சரக்கை இறக்கி ஏற்றும் வேலையே இல்லாமல் போயிற்று. நம் தனுஷ்கோடி–தலைமன்னார் சேவையில் 1914 முதல் நீராவிக் கப்பல்கள் ஓடின. ஆனால் பயணிகள் ரயிலை விட்டிறங்கித்தான் கப்பலேறினார்கள்.

இடுக்கியில் குறுக்கே நின்றது கடல் அன்று, மலைச்சரிவு. ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் பின்னர் தேயிலை பெருகியது. அதற்கு ஏற்ற வாசல் கிழக்கே, தமிழகப் பக்கம் இருந்தது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். ஈவிங் முறை எனப்படும் இதில் பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். பட்டியாலா அரசு இதே முறையை 1907இல்தான் கையாண்டது. மூணாறு அதற்கு ஐந்தாண்டு முந்தியது. இது போதிய கவனம் பெறாதது வருந்தத்தக்கது.

1908இல் மூணாற்றின் ஒற்றைத் தண்டவாளத்துக்குப் பதிலாக இரண்டடி அகல இருப்புப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. பாரம் பெருகியதே இதற்குக் காரணம் என்று கருதலாம். ஆனால் எஞ்சினின் வேகம் டாப் ஸ்டேஷனோடு நின்றது. அங்கே தேயிலைப் பெட்டிகளை இறக்கிக் கம்பி வடத்தில் ஏற்றுவார்கள். அவை சுமார் 5 கிலோமீட்டர் அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடி சேரும். அங்கிருந்து போடிநாயக்கனூர் வரை 15 கிலோமீட்டர் மாட்டுவண்டி. அதன் பிறகும் மதுரை–திண்டுக்கல் ரயில் பாதையை எட்ட வண்டிப் பயணமே. கடைசியில் துறைமுகத்தில் கப்பல். தொழிற்சாலையில் ஏற்றிய பெட்டியை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றும் வரை நான்கு முறை கைமாற்ற வேண்டியிருந்தது. பௌச் ஒழித்த வேலை அது.

1924 ஜூலையில், கேரளம் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று குறிக்கும் பெருமழையில் பாதை அழிந்தது. மீண்டும் போடவில்லை. வெள்ளத்தையே முழுக் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். அதாவது, மலைமேல் ரயில் ஓடியபோது அடிவாரத்தில் ரயில் இல்லை. அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மலைமேல் பாதை இல்லை. இரண்டும் ஒரு நாள்கூடச் சேர்ந்து இயங்கவில்லை. 1930களில் ஆலுவா–மூணாறு புதுச் சாலையும் நேரியமங்கலம் பாலமும் வந்ததும், இடையில் இறக்காமல் சரக்கைச் சமவெளி சேர்க்க மேற்கே வழி திறந்தது. பாதையை மீண்டும் போட்டிருந்தாலும் டாப் ஸ்டேஷனில் பெட்டியை இறக்கித்தான் ஆகவேண்டும்.

இந்த வரலாற்றின் ஒரு பாதி கேரளத்திலும் மறு பாதி தேனி மாவட்டத்திலும் கிடக்கிறது. இரு மாநில ஆய்வாளர்களும் தோட்ட ஆவணங்களையும் தென்னிந்திய ரயில்வேயின் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் படிக்க முன்வர வேண்டும்.