எல்லைக்கு இப்பாலும் இசை

நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கல், தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் சிற்றூர். 1956 நவம்பர் 1-இல் அண்டையிலுள்ள விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இசைப்பாடமோ அந்த எல்லையை அறியவில்லை.

முன்னாளில் தமிழ் இசைவாணர் திருவனந்தபுரத்தில் புரவலரை நாடினர். தஞ்சை வடிவேலு சுவாதித் திருநாள் அவையை அடைந்தார். அரண்மனை வாயில் திறவாதோர் வீடுவீடாகச் சென்று பாட்டுச் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்திருக்க வேண்டும் என எண்ணுகிறோம். அவர்தம் பெயர்களை ஏடுகள் காக்கவில்லையே!

1939-இல் அந்நகரில் இசைப்பள்ளி எழுந்தது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் தலைவர். பின்னர்ச் செம்மங்குடி சீனிவாசய்யர். அதன்பின் மாணாக்கரே ஆசானைத் தேடி வந்தனர். 1940-இல் பிறந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன் அங்கு பயின்று, இராமநாதபுரம் கிருஷ்ணனின் மாணவராகி, 2004-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஊர்ப்பெயர் அவருடனேயே மேடையேறியதில் நமக்கும் பெருமிதமே.