தேவாஸ் – ஆன்ட்ரிக்ஸ்: பெங்களூரு ஒப்பந்தம் ஒன்று உலக நீதிமன்றங்களைச் சுற்றுவது ஏன்?

பெங்களூரு நியூ பெல் ரோட்டில் போயிருந்தால் இஸ்ரோ தலைமையகமான அந்தரிக்ஷ் பவனைப் பார்த்திருப்பீர்கள். இஸ்ரோவின் வணிக நிறுவனம் ஆன்ட்ரிக்ஸ். அது 2005 ஜனவரி 28-ல், இதே ஊரில் பதிவான தேவாஸ் மல்டிமீடியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் அலைக்கற்றை தேவாஸுக்கு 12 ஆண்டு குத்தகை. 2011 பிப்ரவரியில், ராணுவம் உள்ளிட்ட தேவைகளைச் சொல்லி மத்திய அரசு அதை ரத்து செய்தது. 2ஜி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அரசே ஒப்பந்தத்தை முறித்தால், நியாயம் கேட்கவும் அதே அரசின் நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகணுமா? வேண்டியதில்லை. இந்த வழக்கில் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த நடுவர் மன்றம். சர்வதேச வர்த்தக சபையின் விதிப்படி அமைந்த அந்த மன்றம், 2015-ல் தேவாஸுக்கு 56.25 கோடி டாலரும் வட்டியும் தரச் சொன்னது.

இன்னொன்று, நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தங்கள். தேவாஸின் மொரிஷியஸ் முதலீட்டாளர்கள் ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் வழியாகப் போனார்கள். (அதே ஊரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வேறு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட தனி மன்றத்துக்குப் போனது. இரண்டிலும் இந்தியாவுக்குத் தோல்வி.

ஆனால் முழுத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. மொரிஷியஸ் வழக்கின் 2016 தீர்ப்பில், 60 சதவீத அலைக்கற்றையைப் பாதுகாப்புத் தேவைக்காக அரசு எடுத்துக்கொண்டது சரி, மீதி 40 சதவீதத்துக்கு இழப்பீடு தரணும் என்றார்கள். ‘கம்பெனியா, நாடா’ என்ற கூச்சலில் இந்தக் கணக்கு காணாமல் போய்விட்டது. என்னைக் கேட்டால், இந்த வழக்கிலேயே உருப்படியான பகுதி இதுதான்.

தீர்ப்பு வந்தாச்சு, பணம்?

நடுவர் மன்றத்துக்கு போலீஸ் கிடையாது, ஜப்தி செய்ய ஆளும் இல்லை. அதற்குக் கைகொடுப்பது 1958-ம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. இந்தியா உட்பட 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. தோற்றவரின் சொத்து எந்த உறுப்பு நாட்டில் இருந்தாலும், ஜெயித்தவர் அந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். அப்படித்தான் 2020-ல் சியாட்டில் நீதிமன்றம், வட்டியோடு சேர்த்து சுமார் 129 கோடி டாலர் தரச் சொன்னது. 2021 இறுதியில் கனடாவில் ஏர் இந்தியாவுக்குச் சேர வேண்டிய பணம்கூட முடக்கப்பட்டது.

இந்தியாவின் பதில், தேவாஸே மோசடி என்பது. பெங்களூரு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2021 மே மாதம் தேவாஸைக் கலைக்க உத்தரவிட்டது. 2022 ஜனவரி 17-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 56.25 கோடி டாலர் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த மன்றத்தின் இருக்கை டெல்லி என்பதால்தான் இது முடிந்தது. மற்ற இரண்டின் இருக்கை வெளிநாட்டில். அவற்றை ரத்து செய்ய நம் நீதிமன்றங்களால் முடியாது. டாய்ச் டெலிகாம் விவகாரத்தில் சுவிஸ் நீதிமன்றம் ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டது, அதை மறுபடி கிளற முடியாது என்று 2023-ல் சிங்கப்பூர் நீதிமன்றமும் கைவிரித்தது.

சரி, டெல்லியில் ரத்தான தீர்ப்பு செத்துவிட்டதா? அதுவும் இல்லை. சியாட்டில் உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அதற்குச் சொன்ன காரணம் தவறு என்று 2025 ஜூன் 5-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. இதற்கு நேர்மாறாக, நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்ததாலேயே இந்தியா தன் இறையாண்மை விலக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று அதே ஆண்டு ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரே உடன்படிக்கைதான், ஊருக்கு ஒரு விளக்கம். கடைசியில் கட்ட வேண்டி வந்தால் கட்டப்போவது நம் வரிப்பணம்.

இந்தியா இதற்குள் விதியையே மாற்றத் தொடங்கிவிட்டது. 2016-ன் மாதிரி முதலீட்டு ஒப்பந்தப்படி, வெளிநாட்டு முதலீட்டாளர் முதலில் ஐந்து ஆண்டுகள் இங்குள்ள நீதிமன்றங்களில் முயற்சி செய்ய வேண்டும். 2024-ல் ஐக்கிய அரபு அமீரகத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் அது மூன்று ஆண்டாகக் குறைந்தது.