ஆய்வேடும் அவையும்: மூன்று நிமிட உரையின் வரலாற்றுப் பின்னணி

கலாநிதிப் பட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேட்டின் சாரத்தை, அத்துறையிற் பயிற்சி எதுவுமில்லாத பொது அவையொன்றின் முன் மூன்று நிமிடங்களுக்குள் எடுத்துரைக்கும் போட்டி இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் நடைபெறுகின்றது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கிவைத்தது. முதலாண்டிலே 160 ஆய்வு மாணவர் கலந்துகொண்டனர். 2009 இல் அவுஸ்திரேலியாவினதும் நியூசிலாந்தினதும் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு அது பரவியது. 2010 இல் இரு நாடுகளுக்கும் பொதுவான போட்டி நடந்தது.

மூன்று நிமிடம் என்னும் அளவின் கதை சுவையானது. அக்காலத்தில் குவீன்ஸ்லாந்து கடும் வரட்சியால் வாடிக்கொண்டிருந்தது. 2007 இல் அம்மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 140 லீற்றர் நீர் என்னும் இலக்கு வகுக்கப்பட்டது. குளிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக, முட்டை அவிக்கப் பயன்படும் மூன்று நிமிடக் கடிகைகளைப் பலரும் குளியலறைச் சுவரிலே பொருத்தியிருந்தனர். அப்பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்விப் பீடாதிபதியாயிருந்த பேராசிரியர் அலன் லோசன் அக்கடிகையிலிருந்தே போட்டிக்குரிய எண்ணத்தைப் பெற்றார். நீர்ப் பஞ்சத்தின் அளவுகோல் அறிவுக்கும் அளவுகோலாயிற்று.

ஆயின் கடிகை நேரத்தின் அளவை விளக்குமேயன்றி, இத்தகைய உரை ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்காது. ஏன் அவுஸ்திரேலியாவில், ஏன் 2008 இல், என்னும் வினாக்களுக்கு விடை காண்பதாயின், ஆய்வுப் பட்டத்துக்கும் வாய்மொழிக்கும் இடையேயிருந்த நீண்ட உறவையும் அது அறுந்தவாற்றையும் நாம் நோக்குதல் வேண்டும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழக வரலாற்றின் பெரும்பகுதியிலே பட்டம் என்பது பேச்சினாற் பெறப்பட்டதாகும். மத்தியகாலப் பாரிசில் ஆசிரியப் பட்டம் பெற விழைந்தவன் அவையிலே வாதிட்டுத் தன் தகுதியை நிறுவினான். ஆண்டில் இரு முறை, கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களிலும் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாட்களிலும், அவையிலுள்ள எவரும் எப்பொருள் பற்றியும் வினாவலாம் என்ற வாதங்களும் நிகழ்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்திலே தாவரவியலறிஞர் லின்னேயஸ் தலைமை தாங்கிய ஆய்வேடுகள் 186 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மாணவர் எழுதியவையல்ல. லின்னேயஸ் தாமே சொல்லியும் எழுதியும் கொடுத்தவை. இக்காலக் கண்கொண்டு நோக்குவார்க்கு இது மோசடி போலத் தோன்றலாம். ஆனால் அன்று மாணவனிடம் எதிர்பார்க்கப்பட்டது எழுத்தன்று. அச்சான கருத்துக்களை எதிர்வாதிகளின் முன் நின்று காக்கும் ஆற்றலே.

அவ்வாதங்களை மக்களாட்சிப் பண்புடையனவாக நாம் கற்பனை செய்துவிடலாகாது. அவற்றின் மொழி இலத்தீன். கதவு திறந்திருந்ததாயினும் மொழி பூட்டியிருந்தது. கிறிஸ்தியன் தொமாசியுஸ் 1687 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்திலே யேர்மன் மொழியில் விரிவுரை நிகழ்த்த முன்வந்தமை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியதன் காரணமும் அதுவே. சுயமொழிப் போதனை பற்றிய வாதப் பிரதிவாதங்களினூடே வளர்ந்த எமது பல்கலைக்கழகச் சூழலிலுள்ளோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. 1810 இல் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக்கழகமும் அதனை அடியொற்றிய ஏனைய யேர்மன் பல்கலைக்கழகங்களும் பட்டத்தின் மையத்தைப் பேச்சிலிருந்து எழுத்துக்கு நகர்த்தின. புதிய உண்மையொன்றைக் கண்டறிந்து, அதனை மாணவனே எழுதுதல் வேண்டுமென்பது விதியாயிற்று. அறிவுலகம் இதனால் அடைந்த இலாபம் அளப்பரியது. எனினும், எழுத்து முதன்மை பெற்ற அளவுக்கு அவை சுருங்கியது என்பதையும் மறுத்தற்கில்லை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1917 இல் கலாநிதிப் பட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, அதுவரை யேர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்க மாணவரைத் தன்பால் ஈர்க்கும் நோக்கமும் அதற்கிருந்தது. பிரித்தானிய முறையிலே தேர்வு பெருவழக்காக இரண்டு மூன்று பரீட்சகரோடு மூடிய அறைக்குள் நிகழ்ந்தது. 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகமும் அம்மரபிலே வந்ததேயாகும்.

அவுஸ்திரேலியா இதனினும் ஒருபடி மேற்சென்றது. அந்நாட்டின் முதலாவது கலாநிதிப் பட்டங்கள் 1948 இல் மெல்போண் பல்கலைக்கழகத்தில் வழங்கப்பட்டன. பரீட்சகர் பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளிலிருந்தனர். அவர்களை அழைப்பது செலவுமிக்கது. எனவே ஆய்வேடு தபாலிற் சென்றது. அறிக்கை தபாலில் வந்தது. வாய்மொழித் தேர்வு பொதுவாக இல்லாமலே போயிற்று. சில பல்கலைக்கழகங்கள் அண்மைக் காலத்திலேயே அதனைச் சேர்த்துக்கொண்டன. ஆகவே ஆய்வு மாணவன் ஒருவன் தன் ஆய்வேட்டைக் குறித்து ஒரு சொல்லேனும் அவையிலே பேசாது கலாநிதியாகக் கூடிய நிலை ஒரு நாட்டில் பல பத்தாண்டுகள் நிலவியது. மூன்று நிமிட உரை அந்நாட்டிலே தோன்றியது தற்செயலன்று என்பதே எமது துணிபு. பேச்சு முற்றாக அகற்றப்பட்ட இடத்திலேதான் பேச்சுக்கான பசி முதலில் வெளிப்பட்டது.

காலத்தைப் பொறுத்தவரை பொருளாதாரக் காரணியே முதன்மையானது. 1989 இல் அவுஸ்திரேலிய மாணவர் கல்விச் செலவின் ஒரு பங்கை ஏற்கும் முறை வந்தது. 2001 இல் அறிமுகமான ஆய்வுப் பயிற்சித் திட்டம், பட்டத்தை முடித்து வெளியேறும் மாணவரின் தொகை, ஈட்டிய ஆய்வு வருமானம், வெளியீடுகள் என்பவற்றைக் கொண்டு அரச நிதியைப் பங்கிட்டது. பல்கலைக்கழகம் தன் பயனை எண்களாலும் காட்சிகளாலும் மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொழில் தேட வேண்டிய கலாநிதிகளின் தொகையும் பெருகியது. தன்னைச் சுருக்கமாக அறிமுகஞ் செய்யத் தெரிந்த ஆய்வாளனே வேலை வழங்குவோர்க்குத் தேவைப்பட்டான். போட்டியின் பெயர் பதிவுசெய்யப்பட்ட வணிகக் குறியாயிருப்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நிற்க. பொதுமக்களுக்கு ஆய்வை எடுத்துரைத்தல் சந்தையின் கண்டுபிடிப்பு மாத்திரமே எனக் கொள்வது வரலாற்றுக்கு மாறாகும். லண்டன் றோயல் நிறுவனத்தில் மைக்கேல் பரடே 1826 இல் தொடக்கிய வெள்ளிக்கிழமை மாலை உரைகளை யாவரும் அறிவர். பரடே கொல்லரின் மகன்; புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர்; 1812 இல் ஹம்பிறி டேவியின் உரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புக்களே அவருக்கு விஞ்ஞானத்தின் வாயிலைத் திறந்துவிட்டன. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்முன் அமர்ந்திருந்தோர் வண்டிகளில் வந்திறங்கிய வசதிபடைத்தோரே. எமது கவனத்துக்கு மிகுதியும் உரியது 1868 இல் நோரிச் நகரிலே தோமஸ் ஹக்ஸ்லி தொழிலாளருக்கு ஆற்றிய உரையாகும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் தச்சன் கையிலுள்ள ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. அந்நகரின் அடிநிலமும் அதே சுண்ணப்படையாலானது. அத்திலாந்திக் கடலடியில் தந்திவடம் பதிப்பதற்காக 1857 இல் ஆழமளந்த கப்பல் கொணர்ந்த சேற்றை ஹக்ஸ்லி தாமே ஆராய்ந்திருந்தார். அச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்களின் ஓடுகளும் சுண்ணக்கட்டியிலுள்ள ஓடுகளும் ஒத்திருத்தலைக் காட்டி, நோரிச் ஒருகாலத்திற் கடலாயிருந்தது என்ற முடிவுக்கு அவையினரை அழைத்துச் சென்றார். இங்கே முடிவு மட்டும் வழங்கப்படவில்லை. முடிவுக்கு வந்த வழியும், சான்றும், அச்சான்று எவ்வாறு கிடைத்தது என்பதும் தொழிலாளரின் கையிலே கொடுக்கப்பட்டன. எளிமை என்பது இதுவாயின், அதனை நாம் இருகரம் நீட்டி வரவேற்கலாம்.

இந்த அளவுகோல் கொண்டு மூன்று நிமிட உரையை நோக்குவோம். போட்டி விதிகள் கண்டிப்பானவை. அசையாத ஒரு படம் மட்டுமே காட்டலாம். வேறு பொருள் எதுவும் கையிலிருத்தலாகாது. பாட்டாகவோ கவிதையாகவோ சொல்லலாகாது. மூன்று நிமிடத்தைத் தாண்டியவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவர். 80,000 சொற்கொண்ட ஆய்வேட்டை வாசித்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என அமைப்பாளர் கூறுவர். மூன்று நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 450 சொற்களைப் பேசலாம். சொல்லோடு சொல் ஒட்டி நீளும் எமது மொழியில் இன்னும் குறைவு.

இச்சுருக்கத்திலே முதலில் உதிர்வது எது? பொருளன்று. ஐயப்பாடும் மறுதலைச் சான்றும் வரையறையுமே முதலில் உதிர்கின்றன. எமக்கு நன்கு தெரிந்த ஆய்வேடொன்றைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். க. கைலாசபதி தினகரன் ஆசிரியராயிருந்த பின்னர் பேர்மிங்ஹாம் சென்று, ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையிலே சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து 1966 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். (தொம்சனோ 1930 களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் கோல்வே நகரிலே கிரேக்க மொழியை ஐரிஷ் மொழி வாயிலாகக் கற்பித்தவர்.) அவ்வாய்வேடு 1968 இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதன் மையக் கருத்தை மூன்று நிமிடத்திற் சொல்லுதல் இயலாததன்று: சங்கப் பாடல்கள் பாணர் மரபில் வந்த வாய்மொழிப் பாடல்கள்; வாய்பாட்டுத் தொடர்களும் பொருட்கூறுகளும் அதற்குச் சான்று. இவ்வளவும் தெளிவாகச் சொல்லிவிடலாம், பரிசும் பெறலாம். ஆனால் பின்வந்த அறிஞர் விவாதித்தது எதனை? அப்பாடல்கள் நேரே வாய்மொழியிற் பிறந்தனவா, அன்றி எழுத்தறிந்த புலவர் பாணரின் மரபைப் பின்பற்றி இயற்றியனவா என்பதனை. ஜோர்ஜ் ஹாட் 1975 இல் இரண்டாவது கருத்தை வலியுறுத்தினார். ஆய்வேட்டின் உயிர் அவ்விவாதத்துக்கு இடமளிக்கும் நுணுக்கங்களிலே உள்ளது. மூன்று நிமிடத்தில் அதற்கு இடமில்லை. கைலாசபதியின் கருத்துக்கள் எமது மாணவரையும் ஆசிரியரையும் அடைந்தது ஆண்டுக்கணக்காக எழுதிய தமிழ்க் கட்டுரைகளாலும், கேட்போர் எழுந்து மறுத்துரைக்கக்கூடிய கருத்தரங்குகளாலுமே.

இதனாற் குறுகிய உரையே வேண்டாமென நாம் கூறவில்லை. தன் ஆய்வு எதற்காக என்று தாய்க்கும் அயலவர்க்கும் சொல்லத் தெரியாது திகைக்கும் மாணவர் எம்மிடையே பலருளர். சொல்ல முயலும்போதே ஆய்வின் மையம் தமக்குத் தெளிவாயிற்று என்போரும் உளர். மேலும், இதே வடிவம் வேறொரு நோக்கத்துக்கும் பயன்பட்டுள்ளது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிரெஞ்சு மொழியில் விஞ்ஞானத்தை வளர்ப்பதற்கென 1923 இல் நிறுவப்பெற்ற அக்பாஸ் என்னும் சங்கம், 2012 இல் இப்போட்டியைப் பின்பற்றி 180 விநாடிப் போட்டியொன்றைப் பிரெஞ்சிலே தொடக்கியது. 2014 இல் பிரான்சும் அதனைக் கைக்கொண்டது. ஆய்வெழுத்து ஆங்கிலத்துக்கு மாறிவரும் காலத்திலே, ஆய்வாளன் தன் மொழியில் தன் மக்களுக்குப் பேசுதல் அங்கு மொழியுரிமையின் ஒரு கூறாக நோக்கப்படுகின்றது. தமிழ் பற்றிய ஆய்வேடுகளையே ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெற்ற தலைமுறைகளைக் கொண்ட எமக்கு இது அந்நியமான செய்தியன்று.

எமது மறுப்பு நேரத்தைப் பற்றியதன்று. வினா இன்மையைப் பற்றியது. மூன்று நிமிடப் போட்டியிலே நடுவர் புள்ளி இடுவர். அவையினர் தமக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பதும் உண்டு. எவரும் கேள்வி கேட்பதில்லை. பேச்சு மீண்டது, மறுமொழி மீளவில்லை. அவை பார்வையாளர் கூட்டமாகவே இருத்தப்பட்டுள்ளது.

இரண்டும் சேர்ந்தியங்கும் முறை இல்லாமலில்லை. நெதர்லாந்திலே பகிரங்கத் தேர்வுக்குச் சற்று முன்னர், குடும்பத்தினரும் நண்பரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு மாணவர் சிறிய அறிமுக உரையொன்றை நிகழ்த்தும் வழக்கம் பரவலாக உள்ளது. குறித்த நேரம் முடிந்ததும் கோலேந்திய பணியாளர் அவைக்குள் நுழைந்து, நேரமாயிற்று என இலத்தீனில் அறிவிப்பார். பின்லாந்தில் மாணவர் முதலில் இருபது நிமிடத்துக்கு மேற்படாத உரையொன்றைப் பொது அவையினர்க்கு விளங்கும் மொழியில் ஆற்றுவார். அதன்பின் எதிர்வாதி எழுந்து ஆய்வேட்டைப் பகுதி பகுதியாக வினாவுவார். இது மணிக்கணக்கில் நீளும். அது முடிந்ததும் மாணவர் அவையை நோக்கித் திரும்பி, ஆய்வேட்டின்மீது குறை கூற விரும்புவோர் எவராயினும் தலைவரிடம் அனுமதி பெற்றுப் பேசலாம் என மரபுப்படி அழைப்பார். பெரும்பாலும் எவரும் எழுவதில்லை. ஆயினும் அவ்வழைப்பு விடுக்கப்பட்ட பின்னரே தேர்வு முடிவுறும்.